மாசோ அம்மா ஊர் பார்த்த நாள்

சீனக் கடற்கரையில் இருக்கும் சுவான்சோ நகரத்தில் தனக்குத் தெரியாத சந்து பொந்து கிடையாது என்று லீசிங் அடித்துச் சொல்வாள். நம்பிவிடாதீர்கள். கொஞ்சம் கிண்டினால் விஷயம் வெளியே வந்துவிடும். அவளுக்குத் தெரிந்த சுவான்சோ மொத்தம் மூன்று இடம்: மீன் சந்தை, பெரிய ஆஸ்பத்திரி, பஸ் நிலையம். சந்தைக்கு இருட்டோடு போய்ச் சிப்பிக் கூடைகளை இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஊர் திரும்பிவிடுவாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாள், மாமியாரைச் சேர்த்தாள், கணவன் ஹைஷெங்கின் முழங்காலுக்கு ஆபரேஷன் நடந்தபோது நடைபாதையில் பாய் விரித்துப் படுத்தாள். மிச்ச நேரமெல்லாம் பஸ் நிலையத்தில் காத்திருந்தாள். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் எங்கள் ஊருக்கும் சுவான்சோவுக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம். "பாரசீகக்காரன் வந்தான், அரபிக்காரன் வந்தான், எவனெவனோ கப்பல் ஏறி வந்து பாத்துட்டுப் போயிட்டான். ஆயிரம் வருஷமா ஊரு உலகமே பாத்த துறைமுகத்த, பக்கத்துல இருக்குற நான்தான் இன்னும் பாக்கல" என்பாள், சிப்பி உடைத்துக்கொண்டே. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அந்தச் சிரிப்பு நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த மறுநாளே ரப்பர் ஏப்ரனை மாட்டியவள் அவள். ஹைஷெங் மீன்பிடிப் படகில் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். இவள் பகலில் சிப்பி உடைப்பாள், சாயங்காலம் தெருமுனையில் அடுப்பு வைத்துச் சிப்பி அடை சுடுவாள். முட்டையும் கிழங்கு மாவும் மொறுமொறுவென்று வேகும் வாசனைக்கு, கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள்கூடத் திரும்பி வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஹைஷெங்கின் முழங்கால் போனபிறகு அவனும் வீட்டோடு ஆகிவிட்டான். கல்யாணத்துக்கு வந்த பிஸ்கெட் டப்பா ஒன்று அவளிடம் இருந்தது. மூடியில் சுவான்சோவின் இரட்டைக் கோபுரம். இத்தனை வருஷம் கை பட்டுப் பட்டு ஒரு கோபுரம் தேய்ந்தே போய்விட்டது. மிச்சக் கோபுரமும் தேய்வதற்குள் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஆனால் சின்ன ஆசைகளைத்தான் தள்ளிப்போடுவது எளிது.

எங்கள் ஊரில் முக்கியமான எதையும் மனிதர்கள் முடிவு செய்வதில்லை. கோயிலில் இருக்கும் கடல் தெய்வம் மாசோ அம்மாதான் முடிவு செய்வாள். பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டை. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பிய வயிறு. கேள்வியைச் சொல்லிவிட்டுக் கட்டைகளைத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று வயிறாகவும் விழுந்தால், சரி. இரண்டும் வயிறு காட்டினால், கூடாது. இரண்டும் தட்டையாக விழுந்தால் அம்மா சிரிக்கிறாள் என்று அர்த்தம். போய் ஒழுங்காக யோசித்துவிட்டு வந்து கேள் என்கிறாள். வருஷா வருஷம் தூபச்சட்டிப் பொறுப்பு யாருக்கு என்பதையும் இப்படித்தான் கேட்பார்கள். யார் பேருக்கு விடாமல் 'சரி' விழுகிறதோ, அந்த வருஷம் அம்மாவின் காரியமெல்லாம் அவர் கையில்.

அந்த வருஷம் ஹைஷெங்கின் முழங்காலைச் சாக்காக வைத்து, அவன் பேருக்குப் பதிலாக லீசிங் தன் பேரைக் கொடுத்தாள். கட்டை விழுந்தது, சரி. மறுபடியும் சரி. மறுபடியும் சரி. கோயில் கமிட்டித் தலைவர் தியன்ஃபூவுக்கு முகம் கருத்துவிட்டது. பழைய படகு முதலாளி அவர். காற்றைக்கூடக் கேள்வி கேட்டுத்தான் விடுவார்.

"பொம்பளை தூபச்சட்டி எடுத்ததா நம்ம ஊர்ல சரித்திரமே இல்லயேம்மா" என்றார்.

"அம்மாவும் பொம்பளைதானேண்ணே" என்றாள் லீசிங்.

கட்டை சொன்னதை மாற்றத் தலைவராலும் முடியாது. ஆனால் லீசிங் அதோடு நிறுத்தவில்லை. வசந்தத்தில் அம்மாவின் பிறந்தநாளுக்கு முன்னால் அவளைச் சுவான்சோவின் பெரிய மாசோ கோயிலுக்குத் தூக்கிப் போவது வழக்கம். பெண் தாய்வீட்டுக்குப் போவது மாதிரி. போனதும் கும்பிடு, தூபம், திரும்பி பஸ். இந்த வருஷம் அம்மாவுக்கு ஊரையும் சுற்றிக் காட்ட வேண்டும் என்றாள் லீசிங்.

"அம்மாவுக்கா, உனக்கா?" என்று கேட்டார் தியன்ஃபூ.

"ரெண்டு பேருக்கும்தான். தாய்வீட்டுக்கு வந்த பொண்ண வாசலோட திருப்பி அனுப்புவாங்களா?"

பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். மீன் உருண்டை விற்கும் ஊஜி, லீசிங்கின் சிநேகிதி, கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே சொன்னாள். தலைவர் பார்த்தார். "சரி. ஆனா ஒண்ணு. அம்மாவுக்கு ஒரு சின்னக் குறை வந்தாலும் அடுத்த வருஷத்திலேர்ந்து பொம்பளைங்க பேரே கட்டைக்கு வராது. ஒத்துக்கிறியா?"

லீசிங் ஒத்துக்கொண்டாள். ஊரில் உள்ள அத்தனை பெண்களின் பேரும் இப்போது அவள் தலையில்.

அம்மாவுக்குப் புதுச் சட்டை வாங்கினாள். யாரைத் தைக்கச் சொல்வது என்று அலையவில்லை. போனைத் தட்டினாள், ஆன்லைனில் வந்து இறங்கியது. சிவப்புப் பட்டு, தங்க டிராகன், முத்துச் சரம் தொங்கும் கிரீடம். ஊரே கண் வைத்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் அம்மாவுக்கு முன் சீட். சீட் பெல்ட் லீசிங்கே போட்டுவிட்டாள். முழ உயரச் சிலை. தூபப்புகையில் கருத்த முகம், பாதி மூடிய கண். "வாந்தி வந்தா சொல்லுங்க தாயே" என்றாள் ஊஜி. பஸ் முழுக்கச் சிரிப்பு. தலைவர் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரிய கோயிலில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. எத்தனையோ ஊர் அம்மன்கள் தாய்வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரிய அம்மாவுக்கு முன்னால் நீண்ட மேடையில் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பெண்கள் மாதிரி. வெடி, மேளம், கண்ணைக் கரிக்கும் புகை. லீசிங் அம்மாவை உட்கார வைத்தாள், கும்பிட்டாள், தூபம் காட்டினாள். கூட்டம் அவளை இந்தப் பக்கம் தள்ளி அந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டது. சிவப்புச் சட்டையையும் முத்துக் கிரீடத்தையும் பார்த்தாள், வாரி எடுத்தாள், முற்றத்துக்கு வந்துதான் மூச்சு விட்டாள்.

முற்றத்தில் கட்டை போட்டுக் கேட்டாள்: "ஊர் சுத்தப் போலாமா தாயே?"

முதல் தடவையே சரி.

"பாத்தீங்களாண்ணே? காத்துக்கிட்டே இருந்திருக்காங்க!"

இரட்டைக் கோபுரத்துக்குப் போனார்கள். மேற்குத் தெருவில் நடந்தார்கள். நூல் சேமியாக் கஞ்சி குடித்தார்கள். ஊஜி இரண்டு கிண்ணம். எல்லோரும் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தார்கள், லீசிங்கைத் தவிர. அவள் இரண்டு கையாலும் அம்மாவை அணைத்துப் பிடித்து, கண்ணைக் கிரீடத்தை விட்டு எடுக்காமல் நடந்தாள். யாராவது இடித்தால், கிரீடம் சாய்ந்தால், சட்டையில் கஞ்சி தெளித்தால்? அடுத்த வருஷத்துப் பெண்கள் அத்தனை பேரும் அந்தக் கிரீடத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கோபுரத்த நிமிந்து பாருடி!" என்றாள் ஊஜி.

"நீ பாத்துச் சொல்லு. எனக்குக் கழுத்து திரும்பல."

"இதுக்குத்தான் இத்தன வருஷம் ஒப்பாரி வச்சியா?"

மத்தியானம் ஷுன்பூ குப்பத்துக்கு வந்தார்கள். சிப்பி ஓட்டைச் சுவரில் பதித்துக் கட்டிய வீடுகள் அங்கே. பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைப்பது அந்த ஊர்ப் பழக்கம். இப்போது பட்டணத்துப் பெண்களெல்லாம் வந்து வரிசையில் நின்று வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். எங்கள் பெண்களும் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"நீங்களும் உக்காருங்கக்கா" என்றாள் பூ வைப்பவள்.

"எனக்கு வேணாம்மா, கை ஒழியல. அம்மாவுக்கு வச்சு விடு."

அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு, அம்மாவின் கிரீடத்து முத்துச் சரத்தை மெல்ல ஒதுக்கினாள். மல்லிகை மொட்டை வளைத்துச் சுற்றினாள். "எவ்வளவு அழகான காது பாருங்க! ரெண்டும் செதுக்கி வச்ச மாதிரி."

"ரெண்டுமா?" என்றாள் லீசிங். எங்கள் அம்மாவுக்கு இடது காது நுனி உடைந்திருக்கும். பெரும்புயல் வருஷம் கோயில் ஓடு விழுந்து உடைந்தது. ஒட்ட வைக்கலாமா என்று கட்டை போட்டுக் கேட்டதற்கு அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

லீசிங் இடது காதைப் பார்த்தாள். வலது காதைப் பார்த்தாள். சிலையைத் திருப்பி அடியில் பார்த்தாள். 'டாங்கெங் மலைக்கிராமம்' என்று எழுதியிருந்தது.

"ஊஜி" என்றாள். "இது நம்ம அம்மா இல்லடி."

ஊஜி எட்டிப் பார்த்தாள். தலையில் பாதிப் பூவோடு எழுந்துவிட்டாள். பிறகு காதோரமாக, "வாயத் திறக்காத. கோயிலுக்குத் திரும்பிப் போயி நைசா மாத்திடலாம். தலைவருக்குத் தெரிஞ்சா தொலஞ்சோம்" என்றாள்.

நல்ல யோசனைதான். லீசிங்கால் முடியவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எங்கோ ஒரு மேடையில், புகையில், தெரியாத கூட்டத்தில் தன் அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே தாங்கவில்லை. நேராகத் தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

தியன்ஃபூ பக்கத்தில் இருந்த திண்டில் பொத்தென்று உட்கார்ந்தார். "அம்மாவையே தொலைச்சுட்டியா?"

"தொலைக்கலண்ணே. மாத்தி எடுத்துட்டேன்."

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"தொலைச்சிருந்தா கையில ஒண்ணும் இருக்காது. கையில ஒரு அம்மா இருக்காங்களே!"

அவளுக்கே அது நல்ல பதிலாகத் தெரியவில்லை. பஸ் கோயிலை நோக்கிப் பறந்தது. லீசிங் மடியில் இருந்த அம்மாவிடம், "மன்னிச்சுக்கோங்க தாயே, உங்க வீட்டுல தேடுவாங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். தேடாமல், அவர்களும் மாற்றி எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டிருந்தால்? அதை நினைக்கவே பயந்தாள்.

கோயில் முற்றத்தில் ஒரு கூட்டம் வட்டமாக நின்றது. நடுவில் ஒரு கனத்த மனிதர் முட்டி போட்டு, வேர்வை வழியக் கட்டைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே நாற்காலியில், சிவப்புப் பட்டும் தங்க டிராகனும் முத்துக் கிரீடமுமாக இன்னொரு அம்மா.

"தாயே, யொங்லாய் கேக்குறேன், வீட்டுக்குப் போலாமா?"

இரண்டும் வயிறு. கூடாது.

"காலையிலேர்ந்து இதே கதைதாங்க" என்றார் அருகில் நின்ற டாங்கெங் ஊர்க்காரர், லீசிங்கைப் பார்க்காமலே. "அம்மா கிளம்ப மாட்டேங்குறாங்க. யாரோ ஏதோ தப்புப் பண்ணியிருக்கோம்னு ஒவ்வொருத்தரா ஒத்துக்கிட்டு வர்றோம். நான் பக்கத்து வீட்டுக் கோழியச் சொல்லிட்டேன்."

யொங்லாய் கும்பிட்டார். "தாயே, படையல் மதுவுல தண்ணி கலந்தது நான்தான்."

கூடாது.

"பொண்டாட்டிகிட்ட மீட்டிங்னு சொல்லிட்டுச் சீட்டாடப் போனதும் நான்தான்."

கூட்டத்தில் ஒரு பெண்மணி, "என்னது?" என்றாள்.

கூடாது. யொங்லாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாவத்துக்கு வாயைத் திறந்தார். அதற்குள் லீசிங் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். நாற்காலியில் இருந்த அம்மாவின் முத்துச் சரத்தை ஒதுக்கினாள். இடது காது நுனி உடைந்திருந்தது.

"அம்மா!" என்று அப்படியே கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. "என்ன விட்டுட்டுப் போக மாட்டேன்னு உக்காந்துட்டீங்களா? நாள் பூரா எனக்காகவா உக்காந்திருந்தீங்க?"

விஷயம் புரிய யொங்லாய்க்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே கடை, ஒரே டிராகன். தள்ளுபடிகூட ஒன்றுதான். "அப்ப என் பாவம் எதுவும் காரணம் இல்லையா?" என்றார்.

"அத வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றாள் அவர் மனைவி.

டாங்கெங் அம்மாவை அவர்கள் கையில் கொடுத்தார்கள். மல்லிகை வளையத்தோடு அவள் முகமே களையாக இருந்தது. போலாமா என்று யொங்லாய் கேட்ட மாத்திரத்தில் சரி விழுந்தது. அவர் சந்தேகப்பட்டு இன்னும் ஒரு தடவை போட்டார். அதுவும் சரி.

இப்போது எங்கள் முறை. தியன்ஃபூவே கட்டைகளை வாங்கிக்கொண்டார். லீசிங் தலை குனிந்து நின்றாள்.

"தாயே, வீட்டுக்குப் போலாமா?"

கூடாது.

"லீசிங் மேல கோவமா?"

இரண்டும் தட்டை. அம்மா சிரிக்கிறாள். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இனிமே பொம்பளைங்க பேர எடுத்துடலாமா?"

கூடாது. இரண்டு வயிறும் அவரையே பார்த்தன.

"ஏன் தலைவரே சுத்தி வளைக்கிறீங்க?" என்றாள் ஊஜி. "அந்த அம்மா கோபுரம் பாத்தாச்சு, தெரு சுத்தியாச்சு, பூ வச்சாச்சு. நம்ம அம்மா காலையிலேர்ந்து இந்த முத்தத்துல உக்காந்து ஒரு குண்டு மனுஷன் சீட்டாடின கதையக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. எந்தப் பொம்பளைக்குத்தான் பொறுக்கும்? அதக் கேளுங்க!"

தியன்ஃபூ ஊஜியைப் பார்த்தார், லீசிங்கைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார். "ஊர் பாக்கணுமா தாயே?" என்று முணுமுணுத்தார்.

கட்டை விழுந்த சத்தத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. சரி.

பெண்கள் போட்ட கூச்சலில் கூரைப் புறாக்கள் பறந்தன. லீசிங் அம்மாவைத் தூக்கக் குனிந்தாள். தலைவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நான் தூக்குறேன். உன் கையில குடுத்தா அடுத்தது எந்த ஊர் அம்மாவோட வருவியோ."

இப்படித்தான் அதே நாளில் அதே ஊரை நாங்கள் இரண்டாவது தடவை சுற்றினோம். இந்தத் தடவை தியன்ஃபூ அம்மாவை இரண்டு கையாலும் அணைத்து, கண்ணைக் கிரீடத்தை விட்டு எடுக்காமல் நடந்தார். யாராவது பக்கத்தில் வந்தால், "தள்ளி! தள்ளி!" என்றார். பொழுது சாய்வதைப் பார்த்து, கோயில் விளக்கு என்ன ஆவது என்று ஊரிலிருந்து அவருக்குப் போன் வந்தது. "விளக்கா? நாங்க வந்து ஏத்திக்கிறோம். அம்மா ஊர் பாத்துட்டு இருக்காங்க. யாரு சொன்னதா? அம்மாவேதான் சொன்னாங்க, வைடா போன!"

லீசிங்குக்குக் கையில் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் சிப்பியோ, கூடையோ, கரண்டியோ, பிள்ளையோ இல்லாமல் சுவான்சோவில் அவள் நடந்தது அன்றைக்குத்தான். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் வீசி வீசி நடந்தாள். கோபுரத்தடியில் நின்று கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தாள். ஒன்று அல்ல, இரண்டு. டப்பாவில் தேய்ந்து போனதும் இங்கே முழுசாக, சாயங்கால வெயிலில் சிவந்து நின்றது. அவளுக்குச் சந்தோஷத்தில் மூக்கு உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது.

இரண்டு கோபுரங்களுக்கும் நடுவில் இருந்த கோயிலின் பின்புறம் ஒரு பழைய கல் தூணில், மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு பையனும் தண்ணீரில் நிற்கும் பெண்களும் செதுக்கியிருந்தது. "குளிக்க வந்த பொண்ணுங்க துணிய எடுத்துக்கிட்டு ஏறி உக்காந்திருக்கான் பாருடி, போக்கிரி" என்றாள் லீசிங். "இவன் யாரு, நம்ம பக்கத்து ஆள் மாதிரி இல்லியே?"

"கப்பல்ல வந்திருப்பான்" என்றாள் ஊஜி. "வந்த இடத்துலயும் சும்மா இருந்தானா!"

இரண்டு பேரும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தலைவர் அம்மாவின் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஷுன்பூவில் பூ வைப்பவள் கடையைக் கட்டப் போகும் நேரம். முதலில் அம்மாவுக்கு வைத்தாள், உடைந்த காதோரமாக ஒரு மொட்டு கூடுதலாக. பிறகு லீசிங்கை உட்காரச் சொன்னாள். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. கொண்டையைச் சுற்றி மல்லிகை, அதைச் சுற்றி ரோஜா, அதைச் சுற்றி மஞ்சள் செவ்வந்தி. கண்ணாடியைக் காட்டியபோது தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்துச் சீட்டில் தலைவர் உட்கார்ந்தார். கை இரண்டும் மரத்துப் போயிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே சொன்னார்: "அடுத்த வருஷமும் பொம்பளைங்க பேரு இருக்கட்டும். ஆனா சட்டைய மட்டும் வேற கடையில வாங்கு."

கோயிலில் விளக்கேற்றி, அம்மாவை அவள் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, லீசிங் வீட்டுக்கு நடந்தாள். ஹைஷெங் வாசலில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரப்பர் ஏப்ரனும் தலைத்துணியுமாகத்தான் அவளை அவன் இத்தனை வருஷம் பார்த்திருக்கிறான். விளக்கு வெளிச்சத்தில் பூக்கூடை மாதிரி ஒரு தலை வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முழங்காலை மறந்துவிட்டான்.

"யாருங்க நீங்க? என் பொண்டாட்டி காலையில அம்மாவோட போனா, இன்னும் வரலயே."

லீசிங் பூ சரியாமல் தலையை மெல்ல நிமிர்த்தினாள்.

"அவளையா? அங்க கூட்டத்துல மாத்தி எடுத்துட்டு வந்துட்டாங்க" என்றாள். "நான்தான் வந்திருக்கேன். வச்சுக்கிறியா, திருப்பிக் குடுத்துடவா?"

நாலு வீடு தள்ளி இருந்த எங்களுக்கு அவன் சொன்ன பதில் கேட்கவில்லை. அவள் சிரிப்பு மட்டும் கேட்டது.